சிங்கப்பூரில் ஒரு மனநல மருத்துவர் உருவாகக் குறைந்தது 11 ஆண்டு: ஏன் இவ்வளவு காலம்?

"போன தடவை பார்த்த டாக்டர் எங்க?"

மருத்துவரின் அறையிலிருந்து வெளியே வந்ததும் என் சித்தி கேட்ட முதல் கேள்வி அது.

சில ஆண்டுகளுக்கு முன்பு மனச்சோர்வுக்காகச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த சித்தியுடன் ஒரு மருத்துவமனைக்குத் துணையாகப் போயிருந்தேன். முதல் சந்திப்பில் ஓர் இளம் மருத்துவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். சித்தப்பாவின் மரணம், தூக்கமில்லாத இரவுகள், சமைக்கவே பிடிக்காமல் போனது என்று ஒவ்வொன்றாகச் சித்தி சொன்னார். சில மாதங்கள் கழித்துப் போனால் அறையில் வேறொருவர். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

"இவங்கல்லாம் இன்னும் கத்துக்கிட்டு இருக்கிற பிள்ளைங்களா? என்னை வெச்சுப் படிக்கிறாங்களா?" சித்திக்குக் கோபம்.

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் பார்த்தபோது தெரிந்தது: ஆமாம், அவர்கள் கற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் "கத்துக்கிறது" என்று சித்தி நினைத்தது வேறு. அங்கே நடப்பது வேறு.

மனநல மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி எப்படி நடக்கிறது? அது ஏன் இவ்வளவு காலம் எடுக்கிறது? நோயாளியாகவோ துணைக்கோ போகும் நமக்கு அதனால் என்ன? தெரிந்துகொள்வோம்.

சுருக்கமாகச் சொன்னால்...

- மருத்துவப் படிப்பு 5 ஆண்டு, பயிற்சி மருத்துவராக 1 ஆண்டு, மனநல ரெசிடென்சி 5 ஆண்டு. மொத்தம் குறைந்தது 11.
- ரெசிடென்ட் என்பவர் மாணவர் அல்ல. பதிவுபெற்ற மருத்துவர். சிறப்பு மருத்துவராகும் பயிற்சியில் இருப்பவர்.
- அவர் தனியாக முடிவெடுப்பதில்லை. அவருக்கு மேலே ஒரு மூத்த மருத்துவர் பொறுப்பில் இருப்பார்.
- பயிற்சியின் பெரும்பகுதி புத்தகத்தில் இல்லை. நோயாளியிடம் எப்படிப் பேசுவது, எதைக் கேட்பது, எதைக் கவனிப்பது என்பதில்தான் இருக்கிறது.

முதலில், யார் யார்?

மனநலம் என்றதும் எல்லாரையும் "கவுன்சிலர்" என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் மூன்று வெவ்வேறு தொழில்கள் இருக்கின்றன.

மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், முதலில் ஒரு மருத்துவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதிக்கொடுப்பார், வார்டில் சேர்ப்பார்.

உளவியல் நிபுணர், அதாவது சைக்காலஜிஸ்ட், மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்ல. உளவியல் சோதனைகளும் பேச்சுவழிச் சிகிச்சையும் அவருடைய துறை. மருந்து எழுத மாட்டார்.

ஆலோசகர் வாழ்க்கைப் பிரச்சினைகளைப் பேசித் தெளிவுபடுத்திக்கொள்ள உதவுகிறவர். பள்ளிகளிலும் குடும்பச் சேவை நிலையங்களிலும் நாம் அதிகம் சந்திப்பது இவர்களைத்தான்.

இந்தக் கட்டுரை முதல் வகையினரைப் பற்றியது.

11 ஆண்டுக் கணக்கு எப்படி வருகிறது?

சிங்கப்பூரில் மூன்று மருத்துவப் பள்ளிகள் உள்ளன. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவப் பள்ளியிலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கோங் சியான் மருத்துவப் பள்ளியிலும் படிப்பு 5 ஆண்டு. டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியில் 4 ஆண்டு. ஆனால் அங்கே சேர ஏற்கெனவே ஒரு பட்டம் வேண்டும்.

பட்டம் வாங்கியதும் ஓராண்டு "ஹவுஸ்மன்" வேலை. பொது மருத்துவம், அறுவைச் சிகிச்சை என்று வார்டு வார்டாக ஓட வேண்டும். அதை முடித்தால்தான் முழுப் பதிவு கிடைக்கும்.

அதற்குப் பிறகு ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கலாம். பலர் உடனே சேர்வதில்லை. சில காலம் மருத்துவ அதிகாரியாக வெவ்வேறு துறைகளில் வேலை பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். ஆண்களுக்குத் தேசியச் சேவைக் காலமும் சேரும். ஆக, 19 வயதில் மருத்துவப் பள்ளிக்குள் நுழையும் ஒருவர் மனநல மருத்துவராக வெளியே வரும்போது வயது முப்பதைத் தாண்டியிருக்கும்.

ரெசிடென்சி முறைக்குச் சிங்கப்பூர் மாறத் தொடங்கியது 2010-இல். அதுவரை பிரிட்டிஷ் பாணிப் பயிற்சிதான்: அடிப்படைக் கட்டம் ஒன்று, உயர்நிலைக் கட்டம் ஒன்று. 2010-க்குப் பிறகு அமெரிக்க மாதிரியில், ஒவ்வோர் ஆண்டும் எதைக் கற்றிருக்க வேண்டும், யார் மதிப்பிட வேண்டும் என்று வரையறுத்த கட்டமைப்பு வந்தது.

அந்தக் கட்டமைப்பு ஒரு மருத்துவரிடம் ஆறு திறன்களை எதிர்பார்க்கிறது: நோயாளிப் பராமரிப்பு, மருத்துவ அறிவு, தன் வேலையிலிருந்து தானே கற்று மேம்படுவது, மனிதர்களோடு பழகிப் பேசும் திறன், தொழில் நெறி, சுகாதார அமைப்பு முழுவதையும் புரிந்து வேலை செய்வது.

கவனித்தீர்களா? ஆறில் ஒன்றுதான் நேரடியாக "அறிவு". தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினால் மட்டும் போதாது.

தேர்வுகளும் உண்டு. எல்லாவற்றையும் முடித்து, சிறப்பு மருத்துவர்களுக்கு அங்கீகாரம் வழங்கும் வாரியத்தின் ஒப்புதலைப் பெற்று, சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் சிறப்பு மருத்துவர் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் ஒருவர் தன்னை மனநலச் சிறப்பு மருத்துவர் என்று சொல்லிக்கொள்ள முடியும்.

பயிற்சி எங்கே நடக்கிறது?

மனநல மருத்துவத்துக்கு நாடு முழுவதற்கும் ஒரு தேசிய ரெசிடென்சித் திட்டம் இருக்கிறது. அதன் மையம் புவாங்கோக்கில் இருக்கும் மனநலக் கழகம்.

அந்த இடத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1841-இல் பிராஸ் பாசா சாலையும் பென்கூலன் ஸ்திரீட்டும் சந்திக்கும் இடத்தில் 30 படுக்கைகளோடு தொடங்கியது. 1928-இல் இயோ சூ காங் சாலைக்குப் போனது. 1951-இல் "உட்பிரிட்ஜ்" என்று பெயர் மாறியது. 1993-இல் புவாங்கோக்குக்கு இடம் மாறி மனநலக் கழகம் ஆனது. இன்று அங்கே சுமார் 2,000 படுக்கைகள் உள்ளன.

உங்கள் அப்பா அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் காலத்தில் "உட்பிரிட்ஜ்" என்பது ஒரு மருத்துவமனையின் பெயர் மட்டுமல்ல, கேலி வார்த்தையும்கூட. பெயர் மாறி முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. "அங்க போனா நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்ற கேள்வி மட்டும் இன்னும் முழுதாக மாறவில்லை.

ரெசிடென்ட் ஒருவர் ஐந்து ஆண்டும் ஒரே இடத்தில் இருக்க மாட்டார். சில மாதங்களுக்கு ஒருமுறை "போஸ்டிங்" மாறும். மனநலக் கழகத்தின் வார்டுகள், வெளிநோயாளிப் பிரிவு, அவசரப் பிரிவு. பிறகு பொது மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகள்.

ஏன் இத்தனை இடங்கள்? ஒவ்வோர் இடத்திலும் கிடைக்கும் பாடம் வேறு.

- பெரியவர்களுக்கான வார்டில் ஸ்கிசோஃபிரினியா, பைபோலார், கடும் மனச்சோர்வு போன்ற நோய்களை முழு வீச்சில் பார்க்கிறார். அதே மனிதர் சில வாரங்களில் தேறி வீட்டுக்குப் போவதையும் பார்க்கிறார்.
- பொது மருத்துவமனையில் வேறு வகைக் கேள்வி வரும். இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 80 வயதுத் தாத்தா இரவில் யாரோ அறையில் இருப்பதாகக் கத்துகிறார். இது மனநோயா? பெரும்பாலும் இல்லை. கிருமித்தொற்று, வலி, மருந்தின் பக்கவிளைவு போன்றவற்றால் வரும் தற்காலிகக் குழப்பமாக இருக்கலாம். தொற்றைக் குணப்படுத்தினால் "பேயும்" போய்விடும்.
- சிறார், இளையர் பிரிவில் நோயாளி ஒருவர் மட்டும் அல்ல. குடும்பமும் பள்ளியும் சேர்ந்தே வரும்.
- முதியோர் பிரிவில் மனச்சோர்வையும் மறதிநோயையும் பிரித்தறிய வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.
- மது, போதைப்பொருள், சூதாட்டத்துக்கு அடிமையானவர்களுக்கான பிரிவில், பலமுறை விழுந்து எழும் ஒருவரைத் தீர்ப்புச் சொல்லாமல் பார்க்கப் பழக வேண்டும்.
- தடயவியல் பிரிவில் நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுத வேண்டும். அங்கே ஒரு வார்த்தைக்குக்கூட விளைவு உண்டு.

சித்தியின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே இருக்கிறது. போன தடவை பார்த்த டாக்டர் எங்கேயும் காணாமல் போகவில்லை. அவருடைய போஸ்டிங் மாறியிருந்தது.

ரத்தப் பரிசோதனை சொல்லாததை எப்படிக் கண்டுபிடிப்பது?

நீரிழிவு இருக்கிறதா என்று தெரிய ரத்தம் எடுத்தால் போதும். எலும்பு முறிவா? எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். மனச்சோர்வை உறுதிப்படுத்தும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்று கிடையாது.

ரத்தம் எடுப்பார்கள். ஆனால் அது பெரும்பாலும் வேறு காரணங்களை ஒதுக்கித் தள்ளுவதற்கு. தைராய்டு சுரப்பு குறைந்தால் சோர்வும் ஆர்வமின்மையும் வரும். வைட்டமின் பி12 குறைந்தாலும் மனநிலை பாதிக்கப்படலாம். அதனால்தான் மனநல மருத்துவர் முதலில் "டாக்டர்" ஆக வேண்டியிருக்கிறது.

மீதி எல்லாம் பேச்சும் கவனிப்பும்தான். ஒவ்வொரு ரெசிடென்ட்டும் முதலில் கற்கும் கருவி, மனநிலைப் பரிசோதனை. பார்க்கச் சாதாரணமாக உரையாடுவதுபோல் இருக்கும். ஆனால் மருத்துவர் மனத்துக்குள் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும்.

எப்படி உடுத்தியிருக்கிறார்? கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா? பேச்சு வேகமா, மெதுவா? அவர் சொல்லும் மனநிலையும் முகத்தில் தெரியும் உணர்வும் பொருந்துகின்றனவா? எண்ணங்கள் கோர்வையாக வருகின்றனவா? இல்லாத குரல் கேட்கிறதா? இன்று என்ன கிழமை என்று தெரிகிறதா? தனக்கு உதவி தேவை என்று அவர் நினைக்கிறாரா? தனக்கோ பிறருக்கோ ஆபத்து உண்டா?

மனச்சோர்வு என்று சொல்வதற்கும் வரையறை இருக்கிறது. உலகளவில் அதிகம் பயன்படும் அமெரிக்கக் கையேட்டின்படி, ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரங்களாகவாவது இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று, தொடர்ந்த சோகமாகவோ எதிலும் ஆர்வமில்லாமல் போவதாகவோ இருக்க வேண்டும்.

பட்டியலை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் எதிரில் இருப்பவர் "ஒண்ணுமில்ல டாக்டர், நல்லாத்தான் இருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லும்போது அந்தச் சிரிப்பில் எது இடிக்கிறது என்று பிடிப்பதற்குப் பல நூறு சந்திப்புகள் தேவைப்படுகின்றன. அருகில் அனுபவமுள்ள ஒருவர் இருந்து, "அந்த இடத்துல நீ ஏன் அடுத்த கேள்விக்குப் போயிட்டே?" என்று கேட்கவும் வேண்டும். ஐந்து ஆண்டு போவது அதற்குத்தான்.

தமிழில் சொன்னால் டாக்டருக்குப் புரியுமா?

இது நமக்கு நெருக்கமான கேள்வி. நம் தாத்தா பாட்டிகளில் எத்தனை பேர் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்வார்கள்?

"நெஞ்சு படபடன்னு அடிக்குது." "வயித்தைப் பிசையுது." "தலை பாரமா இருக்கு." "உடம்பெல்லாம் எரியுது." மனத்தின் வலியை உடம்பின் மொழியில் சொல்வது நம் பழக்கம். நம்மிடம் மட்டும் இல்லை. பல ஆசியச் சமூகங்களிலும் அப்படித்தான். அதைக் கேட்கும் மருத்துவர் முதலில் இதயத்தையும் வயிற்றையும் சோதிப்பார். சோதிக்கத்தான் வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால், அடுத்த கேள்வி கேட்கப்படுகிறதா என்பதுதான் முக்கியம்.

இன்னொரு சிக்கல், மொழிபெயர்ப்பு. "செத்துட்டா தேவலன்னு இருக்கு" என்று ஒரு பாட்டி சொல்கிறார். நம் வீடுகளில் முழங்கால் வலிக்கும்கூடச் சொல்லப்படும் வார்த்தைதான். கூட வந்த பேரன் "அவங்க சும்மா அப்படித்தான் பேசுவாங்க டாக்டர்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்துபோகும். ஆனால் அந்தப் பாட்டி இந்த முறை சும்மா சொல்லவில்லை என்றால்?

இந்த இடத்தில் ரெசிடென்ட்டுகள் கற்கும் பாடம் ஒன்றுதான்: ஊகிக்காதே, நேராகக் கேள். "உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்திருக்கிறதா? எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி வராது. கேட்கப்பட்டதும் பலருக்கு நிம்மதிதான் வருகிறது.

பண்பாடும் அப்படித்தான். கணவர் இறந்து சில வாரங்களில், அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் கேட்டது என்று ஒரு பெண் சொன்னால் அது பெரும்பாலும் துக்கத்தின் இயல்பு. உடனே மனநோய் என்று முத்திரை குத்தக் கூடாது. "யாரோ எனக்கு ஏதோ வெச்சிட்டாங்க" என்பது ஒரு குடும்பம் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் நம்பிக்கையா, அல்லது திடீரென்று இவருக்கு மட்டும் முளைத்து, தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கும் எண்ணமா? கோயிலில் சாமி வருவதும் வீட்டில் தனியாக இருக்கும்போது கட்டளையிடும் குரல் கேட்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாடு தெரிய, அந்தச் சமூகத்துக்கு எது இயல்பு என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால், கேட்டுத் தெரிந்துகொள்ளும் பணிவு வேண்டும்.

நான்கு மொழி புழங்கும் நாட்டில் எந்த மருத்துவருக்கும் எல்லா மொழியும் வராது. அதனால் மொழிபெயர்ப்பாளரோடு வேலை செய்யக் கற்பதும் பயிற்சிதான். முடிந்தவரை குடும்பத்தாரை மொழிபெயர்க்க வைக்காமல் இருப்பது நல்லது. மகன் எதிரில் சொல்ல முடியாதது ஓர் அம்மாவிடம் இருக்கலாம்.

ஒரு கையெழுத்தின் எடை

மற்ற மருத்துவர்களுக்கு இல்லாத ஓர் அதிகாரம் மனநல மருத்துவர்களிடம் இருக்கிறது. ஒருவரை அவருடைய விருப்பத்துக்கு எதிராக மருத்துவமனையில் வைத்திருப்பது.

2008-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்பு, சிகிச்சைச் சட்டம் இதற்குப் படிகள் வைத்திருக்கிறது. மனநலக் கழகத்தின் மருத்துவர் ஒருவர் பரிசோதித்து ஒப்பமிட்டால் நோயாளியை 72 மணி நேரம் வரை வைத்திருக்கலாம். அதற்கு மேல் ஒரு மாதம் வரை என்றால் இன்னொரு மருத்துவர் பரிசோதிக்க வேண்டும்.  ஆறு மாதம் வரை என்றால் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். ஒருவராவது மனநல மருத்துவராக இருக்க வேண்டும்.

காலம் கூடக் கூட, கேள்வி கேட்பவர்களின் எண்ணிக்கையும் அனுபவமும் கூடுகின்றன. அதில் அர்த்தம் இருக்கிறது. நள்ளிரவு அவசரப் பிரிவில் ஒரு குடும்பம் அழுதுகொண்டு நிற்கும்; நோயாளி "எனக்கு ஒண்ணும் இல்ல, விடுங்க" என்பார். விட்டால் உயிர் போகலாம். பிடித்து வைத்தால் அவர் மருத்துவர்களையே இனி நம்பாமல் போகலாம். எந்தப் பாடநூலும் அந்த நிமிடத்துக்கான விடையை எழுதித் தராது. சட்டத்தைப் படிப்பது ஒன்று. அதை எப்போது பயன்படுத்தக் கூடாது என்று கற்பது இன்னொன்று.

பயிற்சியில் இருப்பவர் என்னைப் பார்த்தால் பாதுகாப்பா?

நியாயமான கேள்வி.

ரெசிடென்ட் மூத்த மருத்துவரின் மேற்பார்வையில் வேலை செய்கிறார். புது நோயாளியைப் பார்த்துவிட்டுத் தன் கணிப்பை அவரிடம் சொல்ல வேண்டும். ஏன் இந்த நோய், ஏன் இந்த மருந்து, ஆபத்து எவ்வளவு என்று அவர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். ஆண்டு கூடக் கூட அவருக்கான சுதந்திரமும் கூடும்.

மருந்து விஷயத்தில் கவனம் அதிகம் தேவை. மனச்சோர்வு மருந்துகள் முழுப் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் "இது வேலை செய்யல" என்று நோயாளி நிறுத்திவிடக்கூடும். லித்தியம் கொடுத்தால் ரத்தத்தில் அதன் அளவையும் சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குளோசபின் கொடுத்தால் வெள்ளை அணுக்கள் குறைகின்றனவா என்று முதல் 18 வாரங்களுக்கு வாரந்தோறும் ரத்தம் எடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் ஒருவர் தலையில் மட்டும் விடாமல் மூத்த மருத்துவர், மருந்தாளர், தாதி என்று ஒரு குழுவே பார்த்துக்கொள்கிறது.

குறை இல்லை என்று சொல்லவில்லை. மருத்துவர் மாறும்போது கதை அறுபடுகிறது. குறிப்பேட்டில் எல்லாம் பதிவாகியிருந்தாலும், "என்னைத் தெரிஞ்சவர்" என்ற உணர்வு குறிப்பேட்டில் ஏறாது. மனநலச் சிகிச்சையில் அந்த உணர்வே பாதி மருந்து. பயிற்சிக்குப் போஸ்டிங் மாற்றம் தேவை. நோயாளிக்குத் தொடர்ச்சி தேவை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இழுபறியின் விலையைச் சித்தி போன்றவர்கள் கொடுக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

டாக்டருக்கும் மனசு உண்டு

நாள் முழுவதும் பிறர் துயரத்தைக் கேட்பவருக்கு என்ன ஆகும்? சிகிச்சை கொடுத்த ஒருவரை இழக்க நேர்ந்தால்? "நான் வேறு மாதிரி கேட்டிருந்தா..." என்ற கேள்வி பல இரவு தூங்க விடாது.

அதனால் மேற்பார்வை என்பது தவறு கண்டுபிடிக்க மட்டும் அல்ல. "அந்த நோயாளியைப் பார்க்கும்போது உனக்கு ஏன் எரிச்சல் வந்தது?" என்று மூத்தவர் கேட்பார். தன் தந்தையைப்போல் பேசும் நோயாளியிடம் காரணமில்லாமல் கோபம் வரலாம். அது தன் கோபம், நோயாளியின் தவறு அல்ல என்று உணர்வதும் பயிற்சியின் பகுதி. உதவி கேட்பது பலவீனம் அல்ல என்று நமக்குச் சொல்பவர்கள் அதை முதலில் தங்களுக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சரி, எண்ணிக்கையைச் சீக்கிரம் கூட்ட முடியாதா?

தேவை கூடிக்கொண்டே போகிறது. 2022-ஆம் ஆண்டின் தேசிய மக்கள்தொகைச் சுகாதார ஆய்வில், மனநலம் நன்றாக இல்லாதவர்களின் விகிதம் 17 விழுக்காடு. 2020-இல் அது 13.4 விழுக்காடாக இருந்தது. 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களிடையே அது 25.3 விழுக்காடு. நம் வயதினரில் நான்கில் ஒருவர்.

அரசாங்கம் 2024-இல் ஓர் இலக்கை அறிவித்தது: 2030-க்குள் பொதுத்துறை மனநல மருத்துவர்களின் எண்ணிக்கையைச் சுமார் 30 விழுக்காடும் உளவியல் நிபுணர்களின் எண்ணிக்கையைச் சுமார் 40 விழுக்காடும் கூட்டுவது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த ஆண்டு மருத்துவப் பள்ளியில் சேரும் மாணவர் 2030-இல் மனநல மருத்துவராக இருக்க மாட்டார். 2030-க்குக் கிடைக்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே இந்தப் பாதையில் இருப்பவர்கள். வேகமாக உருவாக்கவும் முடியாது. ஒவ்வொரு ரெசிடென்ட்டுக்கும் அருகில் உட்காரும் மூத்த மருத்துவர் தேவை. அந்த மூத்தவரும் நோயாளிகளைப் பார்க்க வேண்டியவர்தான்.

அதனால்தான் 2023-இல் வெளியான தேசிய மனநல, நல்வாழ்வு உத்தி, எல்லாரையும் மனநல மருத்துவரிடம் அனுப்பும் வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. தேவையை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. லேசான, மிதமான பிரச்சினைகளைப் பலதுறை மருந்தகங்களும் குடும்ப மருத்துவர்களும் சமூக அமைப்புகளும் பார்த்துக்கொள்ள, கடுமையான நிலையில் உள்ளவர்களுக்கு மனநல மருத்துவரின் நேரம் கிடைக்கும். 2030-க்குள் எல்லாப் பலதுறை மருந்தகங்களிலும் மனநலச் சேவை கொண்டுவருவதும் திட்டத்தில் இருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

- முதலில் எங்கே போவது? பலதுறை மருந்தகமோ குடும்ப மருத்துவரோ நல்ல தொடக்கம். பலதுறை மருந்தகம் வழியாகப் பரிந்துரை பெற்றுப் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். ஆனால் மருத்துவரைத் தேர்ந்தெடுக்க முடியாது.
- 16 முதல் 30 வயதுக்குள் இருக்கிறீர்களா? மனநலக் கழகம் நடத்தும் "சேட்" சேவையை நாடலாம். மதிப்பீட்டுக்குக் கட்டணம் இல்லை.
- ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள். எப்போது தொடங்கியது, என்ன மருந்து சாப்பிட்டீர்கள், எது ஒத்துக்கொள்ளவில்லை, இப்போது எது அதிகம் தொல்லை தருகிறது. மருத்துவர் மாறினாலும் கதை அறுபடாது.
- கேளுங்கள். "நீங்க பயிற்சியில இருக்கீங்களா? உங்க மேற்பார்வையாளர் யார்? அடுத்த தடவையும் நீங்கதான் பார்ப்பீங்களா?" இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.
- தமிழில் பேசினால்தான் முழுதாகச் சொல்ல முடியும் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். தாத்தா பாட்டிக்காக நீங்கள் மொழிபெயர்த்தால் அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்கள். மெருகேற்ற வேண்டாம், மழுப்பவும் வேண்டாம். சிறிது நேரம் அவர்களைத் தனியாகப் பேச விடுங்கள்.
- மருந்தை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். பிடிக்கவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லலாம்.

சித்தி என்ன ஆனார்?

மூன்றாவது முறை போனபோதும் புதியவர்தான். சித்தி தான் எழுதிவைத்திருந்த தாளை நீட்டினார். அந்த இளம் மருத்துவர் தமிழர் இல்லை. தமிழ் தெரிந்த தாதி ஒருவர் உதவினார். என்னைச் சற்று நேரம் வெளியே இருக்கச் சொன்னார்கள்.

பிறகு வீட்டுக்கு வரும் வழியில் சித்தி சொன்னார்: "அந்தப் பையன் என்கிட்ட நேரா கேட்டான். உயிரோட இருக்கிறதே வேணாம்னு தோணுதான்னு. இத்தனை நாள்ல நீங்க யாரும் கேக்கல."

உண்மைதான். நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. அவர் கேட்டதற்குக் காரணம், அப்படிக் கேட்க அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

உதவி தேவையா?

உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவருக்கோ உடனடி உதவி தேவைப்பட்டால் அழைக்கலாம்:

- தேசிய மைண்ட்லைன்: 1771
- சமரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர்: 1767
- மனநலக் கழகத்தின் 24 மணி நேர உதவி எண்: 6389 2222
- உயிருக்கு ஆபத்து என்றால்: 995